சாலா ஏரிக்கரையில் ஒரு கேன் தண்ணீர்

வண்டி மலையிறங்கி முடிப்பதற்குள் வவுடாவும் பெரிஸும் இரண்டு சண்டை போட்டு முடித்திருந்தார்கள். ஜன்னலைத் திறப்பதா மூடுவதா என்று ஒன்று. மண்டாசிப் பலகார டப்பாவை யார் மடியில் வைத்துக்கொள்வது என்று இன்னொன்று.

"மூடாதடி. எனக்கு மூச்சு முட்டுது," என்றாள் பெரிஸ்.

"புழுதி வருது. உனக்குக் கண்ணு தெரியலயா? இன்னைக்கு யாருக்குப் பொறந்தநாள், உனக்கா எனக்கா?"

"ஆமா, பெரிய ராணி. பதினாறு வயசுக்கே இந்த வாய். இருபதுக்கு ஊரையே வித்துடுவ."

"முதல்ல உன்னத்தான் விப்பேன். யாரும் வாங்க மாட்டாங்க, அதான் கவலை."

வண்டி ஓட்டிக்கொண்டிருந்த ரெஹேமா சிரித்தாள். பெரிஸின் மூத்த மகள் அவள். "இந்த ரெண்டையும் இங்கயே இறக்கி விட்டுடலாமா சித்தி? மிச்சத்த யானைங்க பாத்துக்கும்."

முன் இருக்கையில் இருந்த எவலின் திரும்பிப் பார்த்தாள். "ஜன்னல மூடச் சொல்லட்டுமாம்மா?"

வவுடாவின் குரல் உடனே மாறியது. முதுகுகூட நிமிர்ந்தது. "பரவால்ல மம்மி. உங்களுக்கு எது வசதியோ அப்படியே இருக்கட்டும். தேங்க்ஸ்."

எவலின் முன்பக்கம் திரும்பிக்கொண்டாள். சாலையின் இருபுறமும் சிவப்பு மண்ணும் முள்மரங்களும் ஓடிக்கொண்டிருந்தன. வளர்த்தவளுக்கு 'நீ', பெற்றவளுக்கு 'நீங்க'. ஊருக்குத் திரும்பி வந்த நாளிலிருந்து அவள் இதைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள். இன்னும் பழகவில்லை.

வவுடாவுக்கு ஒன்பது வயதாகும்போது எவலின் மஸ்கட்டுக்கு வீட்டு வேலைக்குப் போனாள். வேறு யாருடைய பிள்ளைகளுக்கோ சோறூட்டித் தூங்க வைக்கிற வேலை. தன் பிள்ளையை மலையூரான வுண்டான்யியில் அக்கா பெரிஸிடம் விட்டாள். பெரியம்மா என்று கூப்பிட்டவள் எப்போதோ அம்மா என்று கூப்பிடத் தொடங்கிவிட்டாள். எப்போது என்று யாரும் கவனிக்கவில்லை. போனில் வருகிற முகத்துக்கு ஒரு பெயர் வேண்டியிருந்தது. அது மம்மி ஆயிற்று.

இப்போது எவலினுக்கு மொம்பாசாவில் ஒரு ஹோட்டல் சமையலறையில் வேலை கிடைத்திருந்தது. அங்கேயே லிகோனியில் ஓர் அறை எடுத்து இரண்டு கட்டில் போட்டாள். இரண்டாவது கட்டிலுக்கு மஞ்சள் பூப்போட்ட விரிப்பு. வவுடாவை அங்கே அழைத்துப் போக வேண்டும். அதை இந்தப் பயணத்தில், அவளுடைய பிறந்தநாளில் கேட்டுவிட வேண்டும் என்றுதான் வந்திருந்தாள்.

முந்தின நாள் இரவு வந்து இறங்கியதும் அக்காவிடம் சொன்னாள். பெரிஸ் கழுவி முடித்த பானையையே எடுத்து மறுபடியும் கழுவினாள். "கேளு," என்றாள். "உன் பொண்ணு. நான் குறுக்க ஒரு வார்த்தை பேச மாட்டேன்."

இந்தப் பயணம் பெண்களுக்கு மட்டும் என்பது வவுடாவின் உத்தரவு. வண்டியைக் கொடுத்த பெரியப்பாவைக்கூட வாசலோடு நிறுத்திவிட்டாள். முதலில் சாலா ஏரி, அங்கே கேக். பிறகு ஜிப்பே ஏரியில் படகும் பொரித்த மீனும். அவள் தலையில் நீல சாட்டின் துணியை இறுக்கிக் கட்டியிருந்தாள். எவலின் வந்து சேர்ந்தபோதே அது அவள் தலையில் இருந்தது. இந்த வயதுப் பெண்களின் பழக்கம் என்று எவலின் நினைத்தாள். தன் தலையிலும்தான் ஒரு துணி இருந்தது. அதை யார் முன்னாலும் அவள் அவிழ்ப்பதில்லை.

ம்வாதாதேயில் பெட்ரோல் போட நின்றபோது, எவலின் ஒரு மஞ்சள் கேனில் குழாய்த் தண்ணீர் பிடித்து இருக்கைக்கு அடியில் தள்ளினாள்.

"எதுக்கு சித்தி?"

"கை கழுவ."

ரெஹேமா அதற்குமேல் கேட்கவில்லை.

பிறந்தநாளன்று தலையில் தண்ணீர் விழாவிட்டால் அவர்கள் ஊரில் அது பிறந்தநாளே இல்லை. மஸ்கட்டுக்குப் போகும்வரை ஒவ்வொரு வருடமும் எவலின்தான் ஊற்றினாள். கதவுக்குப் பின்னால் வாளியோடு ஒளிந்து நிற்பாள். பிள்ளை நனைந்து, கீச்சென்று கத்தி, முற்றம் முழுக்க ஓடிவிட்டு, அவள் காலைக் கட்டிக்கொண்டு "இன்னொரு தடவ, இன்னொரு தடவ" என்பாள். அந்த ஈரமான சின்னக் கைகளை நினைத்துக்கொண்டே வெளிநாட்டில் எத்தனையோ நாள் பாத்திரம் தேய்த்திருக்கிறாள். கேள்வியைக் கேட்பதற்கு முன் அந்தக் கத்தலை ஒருமுறை கேட்டுவிட்டால் போதும் என்றிருந்தது. அதற்குப் பிறகு கேட்பது சுலபம்.

சாலா ஏரி பள்ளத்துக்குள் கண்ணாடிபோல் கிடந்தது. ஓரத்தில் பச்சை, நடுவில் கருநீலம். எதிர்ப்பக்கம் கிளிமஞ்சாரோ மேகத்தை இடுப்பு வரைக்கும் சுற்றிக்கொண்டு தலையை மட்டும் காட்டியது.

"உன்ன மாதிரியே இருக்கு. குளிக்கச் சொன்னா இப்படித்தான் போர்வைய விட மாட்ட," என்றாள் பெரிஸ்.

"போய் கேக்க எடுத்துட்டு வா. கீழ போட்டுடாத. போன வருஷம் மாதிரி மூலைய நக்கிப் பாக்காத."

"நக்கினது உன் அக்கா."

பெரிஸ் வண்டிக்குப் போனாள். ரெஹேமா போனைச் சாய்த்து வைக்கத் தோதான ஒரு கல்லைத் தேடிக்கொண்டிருந்தாள். வவுடா பள்ளத்தின் விளிம்பில், ஏரியைப் பார்த்து நின்றாள். எவலின் கேனின் மூடியைத் திருகினாள். செருப்பைக் கழற்றிவிட்டு மெல்ல நடந்தாள். அவளுக்கே சிரிப்பு வந்தது.

அவள் நெருங்கிய அதே நேரத்தில் வவுடா கைகளைப் பின்னால் கொண்டுவந்து நீலத்துணியின் முடிச்சை அவிழ்த்தாள். துணி நழுவியது. உள்ளேயிருந்து நேராக, பளபளவென்று, தோள்வரை முடி விழுந்தது. அப்படியொரு முடி அந்தத் தலையில் இருப்பது எவலினுக்குத் தெரியாது. அவள் அதைப் பார்த்தாள். ஆனால் கை ஏற்கெனவே சாய்ந்துவிட்டிருந்தது.

"ஹேப்பி பர்த்டே!" என்ற தன் குரலை அவளே கேட்டாள்.

வவுடா கத்தினாள். அது அந்தக் கத்தல் இல்லை.

"எவலின்!" கேக்கோடு வந்த பெரிஸ் நின்றுவிட்டாள். "இந்த வருஷம் தண்ணி கிடையாதுன்னு நான் எல்லார்கிட்டயும் சொல்லி..." சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவளுக்கு நினைவு வந்தது. அதைச் சொன்னபோது எவலின் மொம்பாசாவிலிருந்து வரும் பேருந்தில் இருந்தாள்.

கண்ணெதிரே முடி சுருங்கியது. தோளில் இருந்தது கழுத்துக்கு ஏறி, கழுத்திலிருந்து காதுக்கு ஏறி, சுருண்டு சுருண்டு பழையபடி நின்றது. வவுடா இரண்டு கையாலும் அதை அழுத்திப் பார்த்தாள்.

"எனக்குத் தெரியாதும்மா," என்றாள் எவலின். "நான் நெனச்சேன்... சின்ன வயசுல உனக்கு ரொம்பப் பிடிக்கும்..."

"பரவால்ல மம்மி." வவுடா சிரிக்க முயன்றாள். "காஞ்சிடும். நீங்க ஒண்ணும் நெனச்சுக்காதீங்க."

பிறகு பெரிஸ் பக்கம் திரும்பினாள். அவ்வளவுதான், அடைத்து வைத்ததெல்லாம் உடைந்தது. "நீ எங்க போய்த் தொலைஞ்ச? ஒரு கேக்க எடுக்க இவ்ளோ நேரமா? நேத்து எவ்ளோ நேரம் உக்காந்தேன், காது வெந்துபோச்சு! எல்லாம் உன்னாலதான்!"

"ஆமாடி, என்னாலதான். வா."

"வர மாட்டேன். போ."

சொல்லிக்கொண்டே அவள் பெரிஸின் தோளில் முகத்தைப் புதைத்து அழுதாள். பெரிஸ் கேக்கை வண்டியின் முன்பக்கத்தில் வைத்துவிட்டு, தன் இடுப்பில் கட்டியிருந்த லேசோ துணியை அவிழ்த்து அவளைச் சுற்றினாள். "திட்டு, நல்லா திட்டு. மூக்க மட்டும் என் ப்ளவுஸ்ல தொடைக்காத."

எவலின் காலிக் கேனோடு நின்றாள். அந்தத் திட்டில் ஒன்றாவது தனக்கு வந்திருக்கலாம் என்று தோன்றியது. நீரை ஊற்றியவள் அவள். திட்டு வாங்கினவள் வேறொருத்தி.

ரெஹேமா அவள் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னாள். "நேத்து மத்தியானம் முழுக்க சூட்டுச் சீப்பு போட்டு நேராக்கினோம் சித்தி. உங்களுக்குக் காட்டக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டா. கேக் வெட்டும்போதுதான் துணிய எடுப்பேன்னு சொன்னா."

"எனக்கு எதுக்குடி காட்டக் கூடாது?"

"உங்களுக்காகத்தானே செஞ்சா. மஸ்கட்ல பீச்சுல எடுத்து அனுப்பினீங்களே ஒரு போட்டோ, முடி காத்துல பறக்குமே. அவ கட்டில் பக்கத்துல ஒட்டி வெச்சிருக்கா. அதே மாதிரி ரெண்டு பேரும் ஒண்ணா நின்னு ஒரு போட்டோ எடுக்கணும்னு."

எவலினின் கை தானாகத் தன் தலைத்துணிக்குப் போனது. அந்தப் படத்தில் பறந்தது விக். கூட வேலை செய்த ஒருத்தியிடம் அரை மணி நேரத்துக்கு இரவல் வாங்கியது. ஊரில் எல்லோரும் பார்ப்பார்களே, நன்றாயிருக்கட்டும் என்று வைத்துக்கொண்டாள். மஸ்கட் தண்ணீரிலும், நாள் முழுக்க இறுகக் கட்டிய துணியின் புழுக்கத்திலும் அவளுடைய சொந்த முடி கொட்டிப்போய்விட்டது. இப்போது துணிக்கு அடியில் இருப்பது பள்ளிக்கூடத்துப் பையன்களைப்போல ஒட்ட வெட்டிய தலை. நடுநடுவே நரை.

அவள் அதைச் சொல்லவில்லை. இரவல் விக்குக்காகவா என் பிள்ளை காதைச் சுட்டுக்கொண்டாள் என்று நினைத்தாள்.

கேக் வெட்டினார்கள். முதல் துண்டை வவுடா எவலினுக்குத்தான் ஊட்டினாள். முறை தெரிந்த பெண். கன்னத்தில் க்ரீம் பூசியது மட்டும் பெரிஸுக்கு. படமும் எடுத்தார்கள். வவுடா நீலத்துணியை மறுபடி கட்டிக்கொண்டு எவலின் பக்கத்தில் நின்றாள். இரண்டு பேரும் துணி கட்டிய தலையோடு, தோள் உரசாமல், சிரித்தார்கள்.

ஜிப்பே ஏரியில் பெரிஸ் படகில் ஏற மறுத்தாள். "நீர்யானைக்கு நான் போதுமான சாப்பாடு. ஆசை காட்டக் கூடாது," என்று கரையிலேயே உட்கார்ந்துகொண்டாள். ரெஹேமாவையும் கையைப் பிடித்து உட்கார வைத்துக்கொண்டாள். சொன்ன வார்த்தையை அவள் காப்பாற்றுகிறாள் என்று எவலினுக்குப் புரிந்தது.

படகோட்டி கோலை ஊன்றித் தள்ளினார். நாணல்கள் விலகின. தூரத்தில் பாரே மலைகள் வெயிலில் வெளுத்துக் கிடந்தன. ஒரு நீர்யானை காதை மட்டும் காட்டிவிட்டு அமிழ்ந்தது. வவுடா சிரித்தாள். இதைவிட நல்ல நேரம் வராது.

"லிகோனில ஒரு ரூம் எடுத்திருக்கேன்மா. ரெண்டு கட்டில் போட்டிருக்கேன். பக்கத்துலயே நல்ல ஸ்கூல் இருக்கு. அடுத்த டேர்ம்லேர்ந்து எங்கூட வந்து இருக்கியா?"

வவுடா கரையைப் பார்த்தாள். அங்கே பெரிஸ் ஏதோ சொல்லிக் கையை ஆட்ட, ரெஹேமா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். வவுடா கண்ணைத் திருப்பிக்கொண்டாள். முதுகு நிமிர்ந்தது.

"சரி மம்மி. நீங்க சொன்னா வரேன். எப்ப வரணும்?"

விருந்துக்குப் போன வீட்டில் இன்னொரு கரண்டி வைக்கட்டுமா என்று கேட்டால், வயிறு நிறைந்திருந்தாலும் தட்டை நீட்டுவோமே, அந்தச் சரி. ஏழு வருடமாக எதிர்பார்த்த வார்த்தை கைக்கு வந்துவிட்டது. இதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? மஞ்சள் பூ விரிப்பின்மேல் இந்தப் பெண் நிமிர்ந்த முதுகோடு உட்கார்ந்து, "தேங்க்ஸ் மம்மி, பரவால்ல மம்மி" என்று சொல்லிக்கொண்டிருப்பதை எவலினால் நன்றாகப் பார்க்க முடிந்தது.

"இப்ப வேணாம்," என்றாள். "நீ ஸ்கூல முடி. லீவுல வந்து கடல பாரு, போதும். சும்மா கேட்டுப் பாத்தேன்."

வவுடாவின் தோள்கள் தளர்ந்தன. அவ்வளவு நேரம் மூச்சைப் பிடித்திருக்கிறாள். "லீவுல கண்டிப்பா வரேன் மம்மி," என்றாள். அந்த வார்த்தையில் கொஞ்சம் நிஜமான மகிழ்ச்சி இருந்தது. எவலின் அதை எடுத்துக்கொண்டாள்.

கரையில் பொரித்த மீன் வந்திருந்தது. வவுடா கை கழுவப் போனதும் பெரிஸ் தலை நிமிராமல் கேட்டாள். "கேட்டியா?"

"கேட்டேன்."

"என்ன சொன்னா?"

"வரேன்னு சொன்னா."

மீனின் முள்ளை எடுத்துக்கொண்டிருந்த பெரிஸின் விரல்கள் நின்றன.

"நான்தான் வேணாம்னுட்டேன் அக்கா."

பெரிஸ் இருந்ததிலேயே பெரிய துண்டைத் தங்கையின் தட்டில் வைத்தாள். சற்று நேரம் கழித்து, புகை கண்ணில் படுகிறது என்று சொல்லி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அடுப்பு எங்கேயோ தூரத்தில் இருந்தது.

திரும்பும்போது வவுடா பெரிஸின் மடியில் தலைவைத்துத் தூங்கினாள். ம்வாதாதே சந்திப்பில் எவலின் இறங்கினாள். மறுநாள் காலை வேலை. தவேதாவிலிருந்து வரும் மொம்பாசா பேருந்து அந்த வழியாகத்தான் போகும். பேருந்து தூரத்தில் தெரிந்ததும், தூக்கக் கண்ணோடு வவுடா வண்டியிலிருந்து இறங்கி ஓடி வந்தாள்.

"மம்மி, உங்க முடிய ஒரு தடவ பாக்கட்டுமா? சும்மா, எவ்ளோ நீளம்னு."

எவலினின் விரல்கள் முடிச்சு வரைக்கும் போயின. பேருந்து வந்து நின்று ஒலி எழுப்பியது. நடத்துநர் மொம்பாசா, மொம்பாசா என்று கத்தினார். இத்தனை பேர் முன்னால், இந்த அவசரத்தில், அந்த நரைத்த மொட்டைத் தலையையா?

"அடுத்த தடவ காட்டறேன்மா. பஸ் வந்துடுச்சு."

"சரி மம்மி. பரவால்ல."

பேருந்து நகர்ந்த பிறகுதான் எவலினுக்கு உறைத்தது. இன்று முழுக்க அந்தப் பெண் தனக்காக என்று கேட்டது இந்த ஒன்றைத்தான். காட்டியிருந்தால் திகைத்திருப்பாள், 'பொய் சொன்னீங்களா' என்று கோபித்திருப்பாள். ஒருவேளை ஒரு 'நீ'கூட வாயில் வந்திருக்கும்.

அவள் தலைத்துணியை அவிழ்த்து மடியில் வைத்தாள். ஜன்னல் காற்று ஒட்ட வெட்டிய தலையில் நேராகப் பட்டது. பக்கத்தில் இருந்த பெண்மணி ஒருமுறை பார்த்துவிட்டுத் தன் கூடையைச் சரிசெய்துகொண்டாள். எவலின் போனை எடுத்துத் தன்னை ஒரு படம் எடுத்தாள். அனுப்பும் இடத்தில் விரலை வைத்தாள்.

பிறகு விரலை எடுத்துவிட்டாள். ஏழு வருடமாக எல்லாவற்றையும் இப்படித்தானே அனுப்பினோம்.

போனை அணைத்தாள். வெளியே மலைமேல் வுண்டான்யியின் விளக்குகள் ஒவ்வொன்றாக எரியத் தொடங்கின. துணியைக் கட்டிக்கொள்ளாமல், அவை மறையும்வரை திரும்பிப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.