அதே அளவுதான்

"கால் இப்போ என்ன அளவு, கண்ணு?"

செப்டம்பர் பிறந்துவிட்டால் ஹாங்காங்கில் வீட்டு வேலை செய்யும் அம்மா போனில் கேட்கும் முதல் கேள்வி இதுதான். கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்கு அனுப்பும் சாமான் பெட்டி கப்பல் ஏறுவதற்குள் ஷூ வாங்கியாக வேண்டும். சின்ன வயதில் அனெலி வெள்ளைத்தாளில் காலை வைத்து, பென்சிலால் சுற்றி வரைந்து தபாலில் அனுப்புவாள். அவளுடைய பதினோராவது வயதில் அம்மா ஊருக்கு வந்து இரண்டே வாரம் இருந்துவிட்டுப் போனாள். அதற்கப்புறம் அனெலி தாள் அனுப்பவில்லை. "அதே அளவுதாம்மா" என்பாள். வந்து பார்க்கட்டுமே என்ற வீம்பு. அம்மா ஊகமாகக் கொஞ்சம் கூட்டி வாங்குவாள். கால் அதற்கும் மேலே வளர்ந்துவிட்டிருக்கும்.

பெட்டி வந்து சேர்ந்ததும் மறுபடி போன் வரும். "பத்துச்சா?"

"பத்துச்சும்மா."

வகுப்பில் எழுந்து பேசச் சொன்னாலே வியர்த்துவிடும் என்பதால் ஒன்பதாவதோடு நின்றவள் அனெலி. பேச வராததையெல்லாம் நோட்டில் எழுதி அரிசி டின்னுக்குப் பின்னால் ஒளித்து வைப்பாள். அதைக் கண்டுபிடித்தவள் அதே வீட்டில் இருக்கும் சித்தி மகள் ரோவலின். வெளிநாட்டில் வேலை செய்கிறவர்கள் கூடும் இணையக் குழுக்களில் பொய்ப் பெயர்களில் புகுந்து, செயற்கை நுண்ணறிவு மெஷின் எழுதித் தரும் கதைகளைப் போட்டுச் சண்டை மூட்டுவது அவள் பிழைப்பு. கூட்டம் சேர்ந்ததும் அந்தப் பெயரில் உள்ள கணக்கை விளம்பரக்காரர்களுக்கு விற்றுவிடுவாள்.

"மெஷின் எழுதறது சப்புனு இருக்குடி. பொய்னு மோப்பம் பிடிச்சிடறாங்க. நீ நிஜமா ஒண்ணே ஒண்ணு உள்ளே சொருகு."

"எதுக்குக்கா அவங்களைக் கோபப்படுத்தணும்?"

"அழுதா 'ஐயோ பாவம்'னுட்டுப் போயிடுவாங்க. கோபம் வந்தாத்தான் உட்கார்ந்து சண்டை போடுவாங்க, மக்கு."

அனெலிக்கு அது தெரியும். 'என் அம்மா ஏழு வருஷமாக வரவில்லை' என்று அவளே ஒரு தடவை எழுதிப் போட்டிருந்தாள். இரண்டு பேர் உடைந்த இதயப் படம் போட்டார்கள். அவ்வளவுதான்.

'அம்மா வெளிநாட்டிலேயே இருக்கட்டும் என்று நினைக்கிறேன். தப்பா?' என்று மெஷின் எழுதியது. வந்தால் இடைஞ்சல், யாரோ மாதிரி இருக்கிறாள் என்றெல்லாம் நீட்டி முழக்கியது. நடுவே அனெலி தன் பங்குக்கு ஒன்றைச் சேர்த்தாள்: காலுக்குப் பத்தாத ஏழு ஜோடி ஷூ, கயிறுகூட அவிழ்க்காமல் கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது.

ஒரே நாளில் நாலாயிரம் பேர் திட்டினார்கள். 'அட்டைப்பெட்டி ராணி' என்ற பெயரில் ஒருத்தி மட்டும் திட்டவில்லை. 'அந்தத் தாய்க்கு அளவு எப்படித் தெரியும், மகளே? தாளில் வரைந்து அனுப்பினாயா?' என்று கேட்டிருந்தாள்.

அனெலி மெஷினிடம் கேட்காமல் தானே பதில் எழுதினாள். 'தாள் எதற்கு? வந்து பார்த்தால் தெரியாதா?'

"செம குத்துடி!" என்றாள் ரோவலின்.

மூன்று வாரம் கழித்து வாசலில் வாடகை மோட்டார் டிரைசிக்கிள் வந்து நின்றது. அம்மா இரண்டு பைகளோடு இறங்கினாள்.

"வேலையை விட்டுட்டேன். இனிமே போகமாட்டேன், போ!"

அனெலி அம்மாவின் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு, சோறு போடுகிற வரைக்கும் விடவில்லை.

பூண்டுச் சோறும் பொரித்த கருவாடும். சாப்பிட்டுக்கொண்டே அம்மா சொன்னாள்: "ஞாயித்துக்கிழமை லீவுல நாங்கெல்லாம் பாலத்துக்கு அடியில அட்டை விரிச்சு உட்காருவோமில்ல? அப்போ எங்க கூட்டத்துக் கோரா போனைப் பார்த்து ஒண்ணு சத்தமாப் படிச்சா. எவளோ ஒருத்தி, அம்மா வர வேணாங்கறா. அனுப்பின ஷூவெல்லாம் கட்டிலுக்கு அடியிலயாம். எங்க கூட்டத்துல ஷூ அனுப்பாதவ யாரு? எவ பெத்ததோன்னு ஒருத்தி மூஞ்சியை ஒருத்தி பார்த்துக்கிட்டோம். நான் மட்டும் நிம்மதியா இருந்தேன். என் பொண்ணுக்குத்தான் எல்லாம் பத்துதே!"

அனெலியின் கை தட்டிலேயே நின்றது.

"நானும் ஒரு கேள்வி போட்டேன். வந்து பார்த்தா தெரியாதான்னு கேட்டா பாரு, அந்தக் கழுதை. அன்னைக்கு எனக்குச் சோறே இறங்கலை. அதான் கிளம்பி வந்துட்டேன்."

சொல்லிவிட வேண்டும் என்று அனெலி வாயைத் திறந்தாள். அதற்குள் அம்மா கை கழுவிவிட்டுத் துடைப்பத்தை எடுத்திருந்தாள். "வீட்டை இப்படியாடி வச்சிருப்பீங்க?"

கட்டிலுக்கு அடியில் துடைப்பம் எதிலோ முட்டியது. அம்மா குனிந்து ஒவ்வொன்றாக வெளியே இழுத்தாள். ஏழு ஜோடி. கடைக்காரன் கட்டிய கயிறு கட்டியபடியே இருந்தது.

அம்மா அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அது மெஷின் எழுதினதும்மா."

"ஷூவுமா?"

அனெலி தலையைக் குனிந்துகொண்டாள்.

"நான் வர வேணாம்னு போட்டிருந்துச்சே?"

"மெஷின்."

"எனக்குப் பதில் போட்டது?"

"நான்."

அந்தப் பதில் நிஜம், உன்னைக் கூப்பிட்டதுதான் அது என்று சொல்ல நினைத்தாள். வகுப்பில் எழுந்து நின்றது போல வியர்த்தது. இத்தனை பொய்யோடு சேர்த்துப் போட்ட ஒரு நிஜத்தை எப்படிப் பிரித்துக் காட்டுவது? 

அதற்கப்புறம் அம்மா எதையும் கேட்கவில்லை. நாலு நாள் சமைத்தாள், துவைத்தாள், ஷூக்களைத் துடைத்துப் பக்கத்துத் தெருக் குழந்தைகளுக்குக் கொடுத்தாள். நாலாம் நாள், வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சிக்குப் போன் போட்டு, திரும்பவும் போகிறேன் என்றாள்.

ஐந்தாம் நாள் காலையில் பைகள் இரண்டும் வாசலுக்கு வந்தன. அனெலி நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, தரையில் வைத்து, அதன்மேல் ஏறி நின்றாள். நின்றபடியே குனிந்து பென்சிலால் சுற்றி வரைந்ததில் குதிகால் கோணலாகிவிட்டது. தாளை அம்மாவிடம் நீட்டினாள்.

அம்மா அந்தக் கோட்டின்மேல் விரலை ஓட்டிப் பார்த்தாள். நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். பிறகு டிரைசிக்கிளில் ஏறி உட்கார்ந்து, திரும்பிப் பார்க்காமல் போனாள்.