மீன்தொட்டிக்கு ஊற்றிய தண்ணீர்

தண்ணீர் நிலையத்து வாசலில் ஸைஃப் வெள்ளைக் கேனை நிரப்பிக்கொண்டிருந்தபோதே, வளர்ப்பு மீன் கடையில் வேலை பார்க்கும் யஸ்லம் சட்டைப்பையிலிருந்து பேனா மாதிரியான கருவியை எடுத்து, குழாயிலிருந்து விழும் தண்ணீரில் நீட்டினான். தண்ணீரில் என்ன உப்பு கரைந்திருந்தாலும் எண்ணாகக் காட்டிவிடும் கருவி அது. பூஜ்யம் காட்டியது. யஸ்லம் அதை உதறிவிட்டு மறுபடி நீட்டினான். மறுபடியும் பூஜ்யம்.

"கல்யாணப் பொண்ணுக்குக்கூட இத்தனை பரிசோதனை பண்ண மாட்டாங்கடா," என்றான் ஸைஃப். "ஹள்ரமௌத்துக்காரன் பெத்த தாய் கொடுத்த பாலையே எடை போட்டுத்தான் குடிப்பான்னு சொல்லுவாங்க. சரியாத்தான் இருக்கு."

"நீ தாயிஸ்காரன். உங்க ஊர்ல பால்லயே தண்ணி கலப்பாங்களே."

ஏமன்காரர்கள் இருவரும் சிரித்தார்கள். ஆனால் யஸ்லமின் கண் மட்டும் குழாயில் மாட்டியிருந்த கறுப்பு ரப்பர்க் குழலிலேயே இருந்தது. போன மாதம் அது பச்சையாக இருந்தது. ஏன் மாற்றினான்?

ஜித்தாவின் ஸஃபா பகுதியில் சுத்த நீர் விற்கும் நிலையங்கள் தெருவுக்குத் தெரு உண்டு. நாக்குக்கு ருசியாக இருக்கட்டும் என்று மற்றவர்கள் ஏதோ தாதுப்பொடியைக் கலப்பார்கள். ஸைஃப் கலக்கமாட்டான், சோம்பல்தான் காரணம் என்று தெருவில் பேச்சு. எதுவானால் என்ன, மீனுக்கு அந்த ருசியில்லாத தண்ணீர்தான் தேவை என்று யஸ்லமே இந்த நிலையத்தைத் தேர்ந்தெடுத்து, முதலாளி ஹிஷாமிடம் சொல்லி, மீன்கடைக்கு வாடிக்கையாக்கியிருந்தான்.

"எனக்கு ஒண்ணு மட்டும் புரியல," என்றான் ஸைஃப் கேனை மூடியபடி. "கடல் அந்தா இருக்கு. மீனும் அந்தக் கடல் மீன். அதைப் புடிச்சாந்து வீட்டுல வெச்சு, உப்பே இல்லாத தண்ணிய வாங்கி, அதுல உப்பை வாங்கிக் கொட்டுறாங்க."

"அது முதல்ல. அப்புறம் வெறும் தண்ணிதான். தொட்டியில தண்ணி ஆவியாப் போகும், உப்பு போகாது. குறைஞ்சதுக்குச் சுத்தத் தண்ணி ஊத்தணும். அதுல கோளாறு இருந்தா..."

அவன் தண்ணீர் கொண்டுபோகும் அபூ ஹத்தான் வீட்டில் கோளாறு வந்துவிட்டது. கோமாளி மீன் ஜோடி செத்துவிட்டது. ஊதா மீன் செத்துவிட்டது. மிச்சம் இருந்தது ஒரே ஒரு மஞ்சள் மீன். அதுவும் செத்தால் அந்த வீட்டு வாடிக்கை கையை விட்டுப் போகும். அந்த வீடு போனால் யஸ்லமின் இகாமாவை, சவூதியில் தங்கும் அனுமதி அட்டையை, புதுப்பிக்க மாட்டேன் என்று ஹிஷாம் கடை நடுவில் நின்று சொல்லியிருந்தார்.

அபூ ஹத்தான் விமானக் கம்பெனியில் கணக்கு பார்ப்பவர். மச்சினன் வீட்டில் மீன்தொட்டி பார்த்த வாரமே தன் வீட்டிலும் அதைவிட ஒரு முழம் நீளமாக வாங்கி வைத்தவர். அன்றைக்கு யஸ்லம் போனபோது கைபேசியைத் தூக்கிப் பிடித்தபடி வாசலிலேயே நின்றார்.

"கேனைத் திற. படம் எடுக்கணும்."

யஸ்லம் திறந்தான்.

"இது பள்ளிவாசல் குழாய்த் தண்ணி இல்லேன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

யஸ்லம் கருவியை நீட்டிக் காட்டினான். பூஜ்யம். அபூ ஹத்தான் கருவியையும் சந்தேகமாகப் பார்த்தார். "இதுல பூஜ்யம் மட்டும்தான் வருமா?"

தொட்டியின் மேல்பரப்பில் மெல்லிய எண்ணெய்ப் பளபளப்பு இருந்தது. அழுக்கை நுரையாக்கி வெளியேற்றும் குவளை, சோப்பு போட்டதுபோல் பொங்கி வழிந்திருந்தது. யஸ்லம் விரலால் தொட்டுப் பார்த்தான். பிசுபிசுத்தது. கறுப்பு ரப்பர்க் குழல் நினைவுக்கு வந்தது. மஞ்சள் மீன் பாறை இடுக்கில் சாய்ந்து கிடந்தது.

வழக்கம்போலக் கேன்களைச் சமையலறைக் கதவு வரை தூக்கிப்போய், தொண்டையைச் செருமி, கீழே வைத்துவிட்டுத் திரும்பினான். கதவுக்கு அந்தப்பக்கம் பெண்கள். தினம் மாலை அங்கிருந்து தண்ணீர் மொண்டு வந்து தொட்டியில் ஊற்றுவது அபூ ஹத்தானின் வேலை. முன்பெல்லாம் அவர் மனைவி உம்மு ஹத்தான் யஸ்லமுக்கு ஒரு பாட்டில் தண்ணீராவது கொடுத்தனுப்புவாள். மீன் சாகத் தொடங்கியதிலிருந்து அதுவும் இல்லை.

மறுநாள் மஞ்சள் மீனும் மிதந்தது.

ஹிஷாம் கடையில் கத்தவில்லை. அதுதான் யஸ்லமுக்குப் பயமாக இருந்தது.

"என்ன ஆச்சுன்னு நீயே சொல்லு," என்றார்.

"முதலாளி, எனக்குத் தண்ணி நிலையத்து மேலதான் சந்தேகம். ஸைஃப் குழலை மாத்தியிருக்கான். மலிவான ரப்பர். எண்ணெய் அதுலேருந்துதான் வருது."

"நிச்சயமா?"

"நிச்சயம்," என்றான் யஸ்லம். நிச்சயம் இல்லை. ஆனால் அந்த நேரத்தில் அது தன்னைத் தவிர வேறொருவனின் பெயராக இருந்தது.

ஹிஷாம் தலையாட்டினார். "அப்போ அவன்கிட்ட இனிமே தண்ணி வேணாம். அது முடிஞ்சுது. அந்த நிலையத்தைப் பிடிச்சது யாரு?"

"நான்தான்," என்றான் யஸ்லம்.

"அபூ ஹத்தானுக்குப் புது மீன் கடை செலவுல கொடுக்கிறேன். புது ஆள் இத்ரீஸ் வந்திருக்கான். நாளைக்கு அவனுக்கு வீடுகளைக் காட்டிட்டு, கடைச் சட்டையைத் துவைச்சுக் கொடுத்துடு."

மறுநாள் இத்ரீஸ் வேறு நிலையத்திலிருந்து, விலை கூடின தண்ணீரைச் சுமந்து வந்தான். சூடான்காரன், நல்ல உயரம், கேன் இரண்டும் அவன் கையில் பொம்மைபோல இருந்தன. யஸ்லம் வெறுங்கையோடு பின்னால் போனான். புது மீன்கள் பிளாஸ்டிக் பைகளில் அபூ ஹத்தான் வீட்டுத் தொட்டிமேல் மிதந்துகொண்டிருந்தன.

யஸ்லமை வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள் என்று உம்மு ஹத்தானின் காதுக்கும் எட்டியிருந்தது. மனசு கேட்கவில்லை போலும். கதவை ஒருக்களித்து ஒரு தட்டை வெளியே நீட்டினாள். அதில் இரண்டு குவளைத் தண்ணீர்.

"குடிங்கப்பா. வெயில்ல வந்திருக்கீங்க."

யஸ்லம் குவளையை வாயருகே கொண்டுபோனான். நிறுத்தினான். மோந்து பார்த்தான். ரூமி மஸ்தகி. அந்த வாசனைப் பிசினைத் தணலில் போட்டு, அந்தப் புகையைக் குடத்துக்குள் பிடித்து, பிறகு நீர் நிரப்புவார்களே, அந்த மணம்.

"சாச்சி, இது எந்தத் தண்ணி?"

"நீ கொண்டாந்ததுதான். பொண்ணு நிச்சயத்துக்கு மதீனாவுலேருந்து நாத்தனார் வந்திருக்கா. பிளாஸ்டிக் கேனைச் சமையக்கட்டுல வெச்சா நாலு பேச்சு பேசுவா. அதான் வந்த அன்னிலேருந்து எல்லாத்தையும் பெரிய ஜாடியில ஊத்திடுறேன். புகை போடாத ஜாடியில தண்ணி ஊத்துற வீடு இது இல்ல."

"மீனுக்கும் அதுலேருந்துதானா?"

"பின்னே? அதுங்களுக்கு மட்டும் வெறுந்தண்ணியா?"

அபூ ஹத்தான் தொட்டியருகிலிருந்து திரும்பினார். யஸ்லம் மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னான்: புகையின் எண்ணெய், தண்ணீர்மேல் பளபளப்பு, நுரை, கருவிக்கு உப்புதான் தெரியும், புகை தெரியாது.

"நேத்து நிலையத்துக்காரன்னு சொன்னே," என்றார் அபூ ஹத்தான். "உன் முதலாளி போன்ல சொன்னாரு. நிச்சயம்னு சொன்னியாம். இன்னிக்கு என் பொண்டாட்டியா? நாளைக்கு யாரு, என் தாயாரா?"

"நாங்க குடிச்சு வளர்ந்த தண்ணி இது," என்றாள் உம்மு ஹத்தான் கதவுக்குப் பின்னாலிருந்து. கோபம் இல்லை, குரல் நொந்திருந்தது. "யாரும் மிதக்கல."

உள்ளே நாத்தனார் சிரிக்கும் சத்தம் கேட்டது.

யஸ்லம் இத்ரீஸைப் பார்த்தான். இத்ரீஸ் குவளையை ஒரே மூச்சில் காலி செய்து, வாயைத் துடைத்துக்கொண்டான். "அல்ஹம்துலில்லாஹ், அருமையான தண்ணி," என்று சொல்லிவிட்டு, கருவியைத் தன் கேனில் நீட்டி அபூ ஹத்தானிடம் காட்டினான். அவர் அதைப் படம் எடுத்துக்கொண்டார்.

இத்ரீஸ் சமையலறைக் கதவருகே போய்த் தொண்டையைச் செருமினான். வளையல் போட்ட கை ஒன்று வந்து கேன்களை உள்ளே இழுத்தது. கதவு மூடுவதற்குள் யஸ்லம் பார்த்தான்: தரையில் தூபக்கால், அதன்மேல் கவிழ்த்திருந்த பெரிய ஜாடி, விளிம்பைச் சுற்றி மெல்லக் கசியும் வெள்ளைப் புகை.