நடுத் தேக்கத்துத் தண்ணீர்

பயிருக்காகத் தோண்டிக் கட்டிய நீர்த்தேக்கம் இது. இப்போது படகு, நீச்சல், ஊஞ்சல் என்று ஊரே ஞாயிற்றுக்கிழமை இங்கேதான் கிடக்கிறது. குளிக்கிற தண்ணீர் நல்லதா என்று சோதித்துச் சொல்வது என் வேலை. நன்றாக இருந்தால் பச்சைக் கொடி, இல்லாவிட்டால் சிவப்பு.

குளிக்கும் கரையில் கழிப்பறைக் குழாய் கசிவது எனக்கும் தெரியும், மேனேஜருக்கும் தெரியும். அதனால்தான் பாட்டிலைக் கொடுத்து என்னைப் படகில் ஏற்றி நடுத் தேக்கத்துக்கு அனுப்பிவிடுவார். அங்கே எடுக்கும் தண்ணீரில் ஒரு குறையும் இருக்காது.

"போன வருஷமும் அங்கதானே எடுத்தோம்? நீ என்ன புதுசா ஆராய்ச்சி பண்றே?" என்று பல்லைக் காட்டுவார். அந்தப் பல்லைப் பார்த்தாலே எனக்குக் குமட்டும். ஆனாலும் கொடியை ஏற்றுகிற மகராசி நான்தான்.

அந்த ஞாயிறு கரையில் கால் வைக்க இடமில்லை. கரையோரத் தண்ணீர் பாத்திரம் கழுவியதுபோலக் கலங்கி, ஓரமெல்லாம் மஞ்சளாய் நுரை கட்டியிருந்தது. குழந்தையின் டயப்பர் ஒன்று ஊதிப் பெருத்து மிதந்து வந்தது. ஒரு ஆள் அதைக் கையால் தள்ளிவிட்டு முங்கி எழுந்து, வாய் நிறைய தண்ணீரை மொண்டு மனைவி மேல் பீய்ச்சினார். அவளும் சிரிக்கிறாள்! கொடிக்கம்பத்தடியில் முதுகைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தேன்.

"சித்தீ!"

அக்கா மகள். போன மாதம்தான் மஞ்சள் காமாலையிலிருந்து பிழைத்தெழுந்தவள். கழுத்தளவு தண்ணீரில், அந்தக் குழாய்க்கு நேராக நின்று கையாட்டினாள். வரப்போவதாக அக்கா ஒரு வார்த்தை சொல்லவில்லை.

செருப்போடு தண்ணீரில் இறங்கி அவளை வாரிக் கரைக்குக் கொண்டு வந்தேன்.

"தண்ணிய குடிச்சியாடி? சொல்லு, குடிச்சியா?"

"கொஞ்சூண்டு," என்றாள் மிரண்டுபோய்.

அக்கா ஓடி வந்தாள். "ஏன்டி பிள்ளையைப் போட்டு இந்த உலுக்கு உலுக்கறே? கொடி பச்சைதானே? நீ ஏத்தினதாச்சேன்னு நம்பித்தானே இறக்கிவிட்டேன்!"

போய்ப் பச்சையை இறக்கிச் சிவப்பை ஏற்றினேன்.

"பைத்தியம் பிடிச்சிருக்கா உனக்கு?" என்று அலுவலக வாசலிலிருந்து மேனேஜர் கத்தினார். வேலை போனால் போகட்டும் என்று இருந்தது. கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அப்போது ஒரு பெண் பக்கத்தில் வந்து நின்றாள். அவள் இடுப்பில் சொட்டச் சொட்ட நனைந்த பையன், குளிரில் உதடு வெளுத்து நடுங்கிக்கொண்டிருந்தான்.

"காலையிலேருந்து இவன் தண்ணியிலதாங்க இருக்கான். நீங்களும் இங்கேயேதானே உக்காந்திருந்தீங்க? இப்பத்தான் தண்ணி கெட்டுப்போச்சா?"

கொடிக் கயிறு இன்னும் என் கையில் இருந்தது. பல்லைக் காட்டிக்கொண்டே, "ஆமாங்க, இப்பத்தான்" என்றேன்.