தூயெத்தின் இடது கட்டைவிரல்

1

இது கட்டுரையாகத்தான் தொடங்கியது. இணைய இதழ் நடத்தும் நண்பர் ஒருவர், "ஐபோனா, ஆண்ட்ராய்டா? யாருக்கு எது பிடிக்கிறது, ஏன் பிடிக்கிறது? உங்கள் ஊரில் நாலு பேரைக் கேட்டு எழுதுங்களேன்" என்றார். என் ஊர் என்றால் வியட்நாமின் கன்தோ. மேகோங் ஆற்றங்கரையில் இருக்கிறது. என் பாதி வயது இங்கேதான் கழிந்தது.

கேட்டேன். மீன் விற்கிறவள், "எந்த சார்ஜரைச் செருகினாலும் ஏறுது. அதுக்கு மேல என்ன வேணும்?" என்றாள். பெண் பார்த்துக்கொண்டிருந்த மாப்பிள்ளை ஒருவர் தன் ஐபோனை முதுகு தெரியும்படி மேசைமேல் வைத்துவிட்டு, "நாலு பேர் பாக்கணும்ல" என்றார். கட்டுரை நன்றாகவே வளர்ந்தது.

பிறகு தூயெத்திடம் கேட்டேன். அவள் தலை அலசிவிடும் கடை வைத்திருக்கிறாள். வெகுகாலமாக என் தலை அவள் பொறுப்பு.

"எனக்கு எது பிடிக்கும்னு கேக்கறீங்களா அக்கா, இல்ல என் கைக்கு எது பிடிக்கும்னு கேக்கறீங்களா?" என்றாள்.

கட்டுரை அங்கே நின்றுபோனது.

2

முதல் தொடக்கம்: "தூயெத்தின் கணவன் லோக் இறந்த அன்று மழை" — வேண்டாம். இந்த ஊரில் மழை இல்லாத நாளைச் சொன்னால்தான் செய்தி.

இரண்டாம் தொடக்கம்: "கைபேசி என்பது நம் உடம்பின் இன்னொரு" — இந்த வாக்கியம் எங்கே போய் நிற்கும் என்று எனக்கே தெரியும். போக விடவில்லை.

ஆகவே சண்டையிலிருந்து தொடங்குகிறேன்.

3

லோக் படகு எஞ்சின் பழுது பார்ப்பவன். இடதுகைக்காரன். அவனுடையது ஆண்ட்ராய்டு, தூயெத்துடையது ஐபோன். சாப்பாட்டு மேசையில் இரண்டும் எதிரெதிரே கிடக்கும். உடையவர்களும் அப்படித்தான் உட்காருவார்கள்.

"ஒரு சோப்புக்கட்டிக்கு இவ்வளவு பவுசா?" என்பான் அவன்.

"உங்களோடது போனா, ஸ்பேனர் பெட்டியா? கிரீஸ் நாத்தம் இங்க வரைக்கும் வருது."

"நாறட்டும். இடது கைக்குத் தோதா எல்லாத்தையும் மாத்தி வெச்சிருக்கேன். உன்னுதுல உன் இஷ்டத்துக்கு என்னத்த மாத்தின?"

"மாத்தவே வேணாம். அதான் அதோட அழகு."

இன்னொரு வித்தியாசமும் உண்டு. வியட்நாமிய எழுத்துகளின் தலையிலும் காலிலும் குறிகள் வரும். சிலர் அவற்றை எழுத்துகளைத் தட்டி வரவழைப்பார்கள், சிலர் எண்களைத் தட்டி. தூயெத் எழுத்துக் கட்சி. லோக் எண் கட்சி. ஒருவர் போனில் மற்றவர் ஒரு வரிகூட ஒழுங்காக அடித்ததில்லை.

(இது சலிப்பான தகவல் என்று தோன்றினால் பொறுத்துக்கொள்ளுங்கள். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது.)

4

லோக் படகுத்துறையில் எஞ்சின் ஒன்றைத் தூக்கும்போது மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். எழுந்திருக்கவில்லை.

காரியமெல்லாம் முடிந்த பிறகு, அவனுடைய வாடிக்கையாளர்களுக்குச் சொல்ல வேண்டுமே என்று தூயெத் அவன் போனைக் கையில் எடுத்தாள். "லோக் இறந்துவிட்டார். உங்கள் எஞ்சினை வந்து எடுத்துப் போங்கள்." அடித்தாள், அனுப்பினாள். அனுப்பிய பிறகுதான் கவனித்தாள். ஒரு பிழைகூட இல்லை. எண்களைத் தட்டித்தான் அடித்திருக்கிறாள். அதுவும் இடது கட்டைவிரலால்.

அன்றிலிருந்து அவள் கையில் லோக்கின் போன்தான். அவளுடைய ஐபோன் அலமாரியில் கிடந்தது. ஏன் என்று கேட்டவர்களிடம், "இது கைக்கு அடக்கமா இருக்கு" என்றாள். அந்தப் பதில் எங்கிருந்து வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை.

(துக்கம் மனத்துக்கு மட்டுமல்ல, கைகளுக்கும் — என்று இங்கே எழுதினேன். அழித்துவிட்டேன். அது தூயெத்துக்கு நடந்ததைச் சின்னதாக்குகிறது.)

ஒரு நாள் வேண்டுமென்றே தன் ஐபோனை எடுத்து மகள் யுங்குக்குச் செய்தி அனுப்பினாள். யுங் பள்ளி முடிந்து டியூஷனில் இருந்தாள். சோறு தின்றாயா என்றுதான் தூயெத் கேட்டிருந்தாள். அந்த போனுக்கு எண் முறை பழக்கமில்லை. தட்டியதைத் தட்டியபடியே அனுப்பிவிட்டது. சோறு என்ற சொல்லின் நடுவில், குறி வரவேண்டிய இடத்தில், ஒரு 7 உட்கார்ந்திருந்தது.

யுங்கின் பதில் உடனே வந்தது.

"அப்பா?"

தூயெத் போனை மேசைமேல் கவிழ்த்து வைத்தாள்.

5

இதையெல்லாம் அவள் என்னிடம் சொன்னது போன வாரம், என் தலையை அலசிக்கொண்டே. நான் மல்லாந்து படுத்திருந்தேன். கண்கள்மேல் ஈரத்துணி.

தூயெத்தின் கைகளை எனக்குத் தெரியும். வலது காதுக்குப் பின்னால் தொடங்கி, மேலே ஏறி, உச்சியில் சேரும். அன்று இடது பக்கம் தொடங்கியது. விரல் அழுத்தும், கால் சுற்று திருகும், நிற்கும். மறுபடி கால் சுற்று. எதையோ இறுக்கிப் பூட்டுவதுபோல.

"வலிக்குதா அக்கா?"

"இல்ல. ஆனா இது உன் கை மாதிரி இல்லையே."

வலது கை நின்றது. இடது கை நிற்கவில்லை.

"நீங்க கதை எழுதறவங்க" என்றாள் மெல்ல. "தூயெத் பழையபடி தன் போனுக்கே திரும்பிட்டா, எல்லாம் சரியாயிடுச்சுன்னு எழுதிடுங்க. யாராவது எழுதி வெச்சா நான் அதைப் பாத்துப் பாத்து அப்படியே நடந்துக்குவேன். எனக்கு என் கை வேணும்க்கா."

எழுதுகிறேன் என்றேன்.

6

முடிவு ஒன்று: தூயெத் லோக்கின் போனை விற்றுவிட்டுத் தன் போனுக்கே திரும்புகிறாள். நிம்மதி. (அவளுக்கு வாக்குக் கொடுத்த முடிவு இதுதான். அடித்தும் வைத்திருந்தேன்.)

முடிவு இரண்டு: எல்லாம் வெறும் பழக்கம் என்று ஒரு மருத்துவர் விளக்குகிறார். (அந்த மருத்துவரை என்னால் நம்ப முடியவில்லை. அவருக்குப் பேர்கூட வைக்கவில்லை.)

இவற்றுக்கு முன்னால் நடந்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அன்று நான் தலையைத் துவட்டிக்கொண்டு தெருவுக்கு வந்தபோது யுங் எதிரே வந்தாள். சைக்கிளை நிறுத்தினாள்.

"பெரியம்மா, உங்ககிட்ட ஏதோ எழுதச் சொல்லணும்னு அம்மா காலையில சொல்லிட்டிருந்தாங்க. என்ன எழுதச் சொன்னாங்க?"

சொன்னேன்.

"அப்படி எழுதாதீங்க" என்றாள். "நான் டியூஷன்ல இருந்து அப்பா நம்பருக்கு ஏதாவது கேப்பேன். கணக்கு, சைக்கிள் செயின், எதையாவது. பதில் வருது. அப்பா பேசற மாதிரியே. அம்மாவுக்குத் தெரியாது."

"அம்மாதான் அடிச்சு அனுப்பறா, யுங்."

"தெரியும் பெரியம்மா. கை அம்மாவோடதுதான்."

அவள் போனைக் காட்டினாள். கடைசிப் பதில் சற்றுமுன் வந்தது. 'மழை வரப்போகுது, பாத்து வா.' அந்த நேரம் என் தலை தூயெத்தின் தொட்டியில் இருந்தது. அவளுடைய இரண்டு கைகளும் என் தலையில் இருந்தன என்றுதான் நினைக்கிறேன். சத்தியம் செய்ய முடியாது. கண்மேல் துணி.

தூயெத் ஒரு முடிவைக் கேட்கிறாள், யுங் வேறொன்றை. இரண்டு பேரும் இதை மொழிபெயர்த்துப் படிக்கப்போகிறார்கள். நான் எதை எழுதினாலும் அந்த வீட்டில் ஒருவர் இழப்பார். என்னால் ஆகாது. பாதி வாக்கியத்தைத் தருகிறேன், மீதி உங்களுடையது.

யுங் வீட்டுக்குள் நுழைந்தபோது மேசைமேல் இரண்டு போன்களும் இருந்தன. தூயெத் கை கழுவிவிட்டு வந்தாள், மகளைப் பார்த்தாள், உட்கார்ந்தாள், பிறகு தன்