அன்றியும் இன்றியும்

மருத்துவமனைக் கூடத்தில் கழிப்பறைக்கு மிக அருகிலிருந்த நாற்காலியை ஓஸ்வால்ட் தேர்ந்தெடுத்தான். உட்கார்ந்த மூன்றாம் நிமிடமே எழுந்து ஓடினான். லிங்கராஜபுரத்திலிருந்து வந்து சேர்வதற்குள் இருமுறை பேருந்தை விட்டு இறங்கியிருந்தான். ஓராண்டு அடங்கிக் கிடந்த பெருங்குடல் அழற்சி, இப்போது இரத்தத்தோடு திரும்பியிருந்தது. பீன்யா தொழிற்சாலையில் எந்திரத்தை நிறுத்திவிட்டு மணிக்கு ஐந்து முறை ஓடுகிறவனை எந்த மேற்பார்வையாளர் பொறுப்பார்?

மஞ்சளிலிருந்து பிரித்தெடுத்த குர்குமின் குடல் அழற்சியைத் தணிக்குமா என்று அங்கே ஓர் ஆய்வு நடந்தது. அதில் அவனும் ஒருவன். ஒருங்கிணைப்பாளர் நிருபமா கோப்பைப் புரட்டியவாறே, பழைய மாத்திரை ஒழுங்காக நடக்கிறதா என்று கேட்டாள். ஏழு வாரங்களாக அதைத் தொடவில்லை என்றான். அவள் பேனா நின்றது.

"யாரைக் கேட்டு நிறுத்தினீங்க, ஓஸ்வால்ட்?"

"நீங்க சொல்லித்தான் மேடம்."

அப்படி ஒருவரும் சொல்லவில்லை என்று அவள் மறுத்தாள். மஞ்சள் குளிகை துணை மருந்துதான், மாத்திரைக்கு மாற்று அன்று. நோயாளி தன்னிச்சையாக நிறுத்தினார் என்று கோப்பில் எழுதிவிட்டு, அவனை ஆய்விலிருந்து நீக்கத்தான் வேண்டும் என்றாள். நீக்கினால் இன்றைய குடல் உள்நோக்கிச் சோதனை கிடையாது; பொது வரிசையில் மூன்று வாரம் காத்திருக்கவேண்டும். மூன்று வாரம் இந்த இரத்தப்போக்கைத் தாங்கமுடியுமா?

பதில் சொல்ல வாயெடுத்தவனை வயிறு விடவில்லை. ஓடிப்போய்த் திரும்பி வந்தவன், சட்டைப்பையிலிருந்த தமிழ்க் குறிப்புத்தாளை விரித்து உரக்கப் படித்தான்.

"'மாத்திரையின்றி இக்குளிகையையும் நாள்தோறும் உட்கொள்ளவேண்டும்.' மாத்திரை இல்லாம சாப்பிடுன்னுதானே இதுக்கு அர்த்தம்?"

நிருபமா தமிழ் பேசுவாள், படிக்கத் தெரியாது. தாளை மொழிபெயர்த்த லவினா டீச்சரைக் கைப்பேசியில் அழைத்தாள். முழுவதும் கேட்ட டீச்சரின் குரல் கடுத்தது.

"நான் 'மாத்திரையன்றி'ன்னு எழுதினேன்மா. மாத்திரை போக இதுவும்னு பொருள். 'குளிகையையும்'னு உம் வேற போட்டிருக்கேன். அதை எவன் இன்றியாக்கினான்?"

எவனும் ஆக்கவில்லை. 'அன்றி' என்று ஒரு வார்த்தையே கிடையாது, எழுத்துப்பிழை என்று தாள் அச்சாகுமுன் தட்டச்சர் சொல்லியிருந்தார். சரிசெய்துவிடுங்கள் என்று தலையாட்டியவள் நிருபமாவேதான். அதை அவள் மறைக்கவில்லை. எழுதிய வரியை அடித்துவிட்டு, பிழை எங்களுடையது என்று எழுதிக் கையொப்பமிட்டாள். சோதனை அறைக்குப் போகச் சொன்னாள்.

ஓஸ்வால்ட் அசையவில்லை. இந்தத் தாள் இன்னும் எத்தனை பேரிடம் இருக்கிறது என்று கேட்டான். பதினொரு பேரிடம் என்றாள். அவர்களிடம் பேசி முடிக்காமல் சோதனைக்குப் படுக்கமாட்டேன் என்று சொல்லி, அவள் எடுத்துத் தந்த பட்டியலின் முதல் எண்ணைத் தானே அழுத்தினான்: ஆனேக்கல் முனியப்பன். அவர் மனைவிதான் எடுத்தாள். காலையிலிருந்து அவர் கழிப்பறையை விட்டு வெளியே வரவேயில்லை, என்ன செய்வதென்றே தெரியவில்லை என்றாள்.

ஓஸ்வால்டுக்கும் மறுபடி கழிப்பறைக்கு ஓடவேண்டியிருந்தது. கைப்பேசியை நிருபமாவின் கையில் திணித்தான்.

"மாத்திரையோட சேத்துன்னு சொல்லுங்க மேடம். வேற வார்த்தையே வேணாம்."