காலையில் படித்த சொல்

பிலிமத்தலாவையிலிருந்து கண்டிக்கு வரும் பஸ்ஸில் யுகேஷ் தினமும் ஓர் ஆங்கிலச் சொல்லைப் படிப்பான். பள்ளிக்கூடத்துச் சொல் அல்ல. தலையங்கங்களிலும் தீர்ப்புகளிலும் மட்டும் நடமாடுகிற கனத்த சொல். படித்தால் மட்டும் போதாது, பொழுது சாய்வதற்குள் யாரிடமாவது அதைப் பேசிவிட வேண்டும். பேசாத சொல் மறுநாள் தங்காது என்பது அவன் அனுபவம்.

வாவிக்கு மேலே, மலைச்சரிவில் இருந்த ஹோட்டலில் அவனுக்கு வரவேற்பு மேசையில் வேலை. அன்று காலை உள்ளே நுழையும்போதே சமையலறை பவாஸ் பிடித்துக்கொண்டான்.

"இன்டைக்கு என்ன கடுவ மச்சான்? உருவிக் காட்டு பாப்பம்."

ஆங்கிலத்துக்குச் சிங்களத்தில் அப்படியொரு பட்டப்பெயர். வாள் என்று பொருள்.

"ரிகால்சிட்ரன்ட்" என்றான் யுகேஷ்.

"யா அல்லாஹ்! திங்கிறதா, பூசுறதா?"

"சொன்ன பேச்சுக் கேக்காத, அடங்காத ஆளுன்னு அர்த்தம்டா."

"அப்ப மேனேஜர்ட்ட செல்லிப் பாரு. பகல் சோத்த உம்மாட கையால வீட்டுல திம்பாய்."

சிரித்துக்கொண்டே திரும்பியவன் பொன்னையா நிற்பதைப் பார்த்தான். மேல்மாடி அறைகளைச் சுத்தம் செய்பவர். யுகேஷின் அப்பா வயது இருக்கும். முகம் வெளிறியிருந்தது. முன்தினம் அவர் சுத்தம் செய்த அறையொன்றில் குரங்குகள் புகுந்து, தங்கியிருந்த வெள்ளைக்கார அம்மாவின் மருந்துப் பையைத் தூக்கிக்கொண்டுபோய்க் கூரையில் கொட்டிவிட்டன. அந்த மலையில் ஜன்னலைத் திறந்துபோட்டுவிட்டு வெளியே வரக் கூடாதென்பது வேலைக்குச் சேரும் அன்றே எல்லோருக்கும் சொல்லப்படுவது.

"தம்பி, காலைக் கூட்டத்துல மேனேஜர் என்னயத்தான் கேப்பாரு. சிங்களத்துல கேட்டா நானே சொல்லிருவேன். இவரு இங்கிலீசத் தவிர வேற பேசக் கூடாதுங்குறாரே. எனக்காக ரெண்டு வார்த்த பேசுவீங்களா?"

"என்ன சொல்லணும்ண்ணே?"

"பெயிண்ட் வாடை அடிச்சிச்சு. காத்து வரட்டும்னு தெறந்து வச்சேன். அதுக்குள்ள கீழ கூப்பிட்டாங்க, ஓடிட்டேன். மறந்தது என் தப்புதான். அத மறைக்க வேணாம்."

யுகேஷ் தலையாட்டினான்.

கூட்டத்தில் அவர் சொன்னதையெல்லாம் ஒழுங்காகவே சொன்னான். பெயிண்ட், காற்று, கீழே வந்த அழைப்பு, எதையும் விடவில்லை. புதிதாகக் கொழும்பிலிருந்து வந்திருந்த மேனேஜர் பேனாவை மேசையில் தட்டியபடி கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு ஆங்கிலத்தில், "சரி, ஆள் எப்படி?" என்றார்.

நல்ல மனுசன் என்று சொல்ல யுகேஷுக்கு ஆங்கிலம் இல்லாமல் இல்லை. அதை எந்தப் பிள்ளையும் சொல்லும். காலையில் படித்த சொல்லோ நாக்கின் நுனியில் வந்து உட்கார்ந்திருந்தது. எல்லோரும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"கொஞ்சம் ரிகால்சிட்ரன்ட், சேர்."

மேனேஜரின் புருவம் உயர்ந்தது. அந்தச் சொல்லை அவரும் ஒருமுறை மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். யுகேஷின் நெஞ்சுக்குள் இனிப்பாக ஏதோ ஓடியது. சுவரோரம் நின்ற பொன்னையா அவனைப் பார்த்துக் கைகூப்பாத குறையாகப் புன்னகைத்தார். ஓடியது அப்படியே உள்ளே உறைந்துபோனது.

மதியத்துக்கு முன்பே தீர்மானம் வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை விசாரணை. அதுவரை பொன்னையா வேலைக்கு வர வேண்டியதில்லை.

யுகேஷ் மேனேஜரின் அறைக்குப் போனான். காலையில் சொன்னது பிழை, அவர் அப்படிப்பட்டவர் இல்லை என்றான். எளிய சொற்களாகவே வந்தன, அவையும் திக்கின.

மேனேஜர் சிரித்தார். "எனக்கு இங்கே யாரையும் தெரியாது. கேட்டேன், ஒரே சொல்லில் சொன்னீர்கள். அவ்வளவு துல்லியமான சொல் தவறுதலாக வாயில் வராது. பழகியவர் என்பதால் இப்போது மனம் இளகுகிறது. வெள்ளிக்கிழமை அவருக்கு நீங்களே மொழிபெயருங்கள்."

சொல்லின் பொருள் தெரியாமல் சொல்லிவிட்டேன் என்று கெஞ்சலாம். ஆனால் தெரிந்துதான் சொன்னான். அந்த ஒன்றை யாரிடமும் சொல்ல முடியாமல் வெளியே வந்தான்.

மாலையில் தூறல். பொன்னையா வாசலில் குடையோடு காத்திருந்தார்.

"வாங்க தம்பி, நனையாதீங்க. நீங்க பேசலேன்னா இன்னைக்கே சீட்டக் கிழிச்சிருப்பாங்க."

இருவரும் ஒரே குடையில் இறங்கி நடந்தார்கள். குடை அவன் பக்கமே சாய்ந்திருந்தது. பொன்னையாவின் தோள் நனைந்துகொண்டிருந்தது. குட்ஷெட் பஸ் நிலையம் கண்ணில் பட்டபோது அவர் கேட்டார்.

"கடைசியா ஒரு சொல்லு சொன்னீங்களே, மேனேஜரே திருப்பிச் சொன்னாரே, அது என்ன? எனக்கு ஒருக்கா சொல்லித் தாங்க. வீட்டுக்குப் போய் சுதர்சினிகிட்ட சொல்லணும். அப்பாவப் பத்தி இப்படிச் சொன்னாங்கன்னு. ஏ லெவல் படிக்கிறா, அவளுக்கு வெளங்கும்."

யுகேஷ் நின்றுவிட்டான். உறுதியான ஆள் என்று சொல்லலாம். மனந்தளராதவர் என்று சொல்லலாம். பொய்கள் வரிசையில் வந்து நின்றன. ஆனால் குண்டசாலையில், பொன்னையாவின் வீட்டில், ஒரு பெண் இன்றிரவு அந்தச் சொல்லைத் தேடிப் பார்ப்பாள்.

"சொன்னதக் கேக்காத ஆளுன்னு அர்த்தம்ண்ணே. அடங்காதவர்னு."

பஸ் நடத்துநர்கள் ஊர்ப்பெயர்களைக் கூவிக்கொண்டிருந்தார்கள். குடைமேல் தூறல் விழும் சத்தம் யுகேஷுக்குத் தனியாகக் கேட்டது. மன்னிச்சிருங்க என்ற சொல் தொண்டைவரை வந்தது. காலையில் அத்தனை கனமானதைத் தடங்கலில்லாமல் சொன்ன வாய், இதைச் சொல்லத் திணறியது.

"நான் எப்பவாச்சும் கேக்காம இருந்திருக்கேனா தம்பி?"

"இல்லண்ணே."

"அப்புறம் ஏன்?"

"காலைல படிச்சேன்ண்ணே. சொல்லிப் பாக்கணும்னு இருந்துச்சு."

அதைவிடக் கேவலமான பதிலை அவன் வாழ்நாளில் சொன்னதில்லை. உண்மை அதுவாகத்தான் இருந்தது.

பொன்னையா தலையை மட்டும் அசைத்தார். பிறகு மறுபடி நடக்கத் தொடங்கினார்.

"வெள்ளிக்கிழம நான் எல்லாத்தையும் சொல்லிர்றேன்ண்ணே. நான்தான் தப்பாச் சொன்னேன்னு" என்றான் யுகேஷ்.

"ஒங்களப் பத்தி நீங்க சொல்லிக்கங்க. எனக்குப் பேச மகளக் கூட்டிட்டு வர்றேன். அவளுக்கு இம்புட்டு இங்கிலீசு வராது. நான் சொன்னத மட்டும் சொல்லுவா."

குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் யுகேஷுக்குப் பிடித்துக்கொள்ள ஏதாவது கிடைத்திருக்கும். பிலிமத்தலாவைப் பக்கம் போகும் பஸ் வந்தது. பொன்னையா அதன் படிவரை வந்து, அவன் ஏறும்வரை குடையைப் பிடித்திருந்தார். பிறகு குண்டசாலை பஸ்ஸைத் தேடி நடந்தார். குடை இப்போது அவர் தலைக்கு நேராக இருந்தது.