கால் வராத மதியம்

பெரியண்ணனின் அப்பா இறந்தது முப்பத்தெட்டு வயதில். கிடாவெட்டு விருந்தில் வயிறாரச் சாப்பிட்டுப் படுத்தவர், எழுந்தபோது கால் வரவில்லை என்றார். வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் உயிர் போய்விட்டது. காத்துக் கருப்பு அடித்துவிட்டது என்றது ஊர். வருகிற தையில் பெரியண்ணனுக்கும் முப்பத்தெட்டு.

பொன்னமராவதிப் பக்கம் நெல் அறுக்கும் மெஷின் ஓட்டுகிறவன் அவன். நான்கு மாதமாக உடம்பு உருகிக்கொண்டே வந்தது. இரண்டு ஆள் சாப்பாட்டைத் தனியாகச் சாப்பிட்டும் பதினோரு கிலோ குறைந்துவிட்டது. மார்கழிக் குளிரிலும் சட்டை நனைந்தது. ஸ்டியரிங்கில் விரல்கள் நடுங்கின. சும்மா உட்கார்ந்திருந்தாலும் நெஞ்சு திடுதிடுவென்று அடித்தது. டாக்டர் வாயிலிருந்து என்ன வருமோ என்ற பயத்தில், மனைவி செவந்தி கேட்டபோதெல்லாம், "வேல ஜாஸ்தி, அதான்" என்று மழுப்பினான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை செவந்தியின் அண்ணன் மகளுக்குக் காதுகுத்து. குடுமியான்மலையில் ஒரு மண்டபத்தில் விருந்து. பெரியண்ணன் பிரியாணியை இரண்டு தடவை வாங்கினான், பிரட் அல்வாவையும் விடவில்லை. பிறகு மாடி அறையில் பாயை விரித்துப் படுத்தான்.

கண் விழித்தபோது மணி நான்கு. எழ நினைத்தான், கால்கள் அசையவில்லை. மரத்துப்போயிருக்கும் என்று தொடையைக் கிள்ளினான். வலித்தது. தூக்கத்தான் முடியவில்லை. கையும் ஈரச் சாக்குபோலக் கனத்தது. அப்பாவின் முகம் கண்ணுக்குள் வந்து நின்றது. கீழே மைக் செட் சத்தத்தில் அவன் கூப்பிட்டது யாருக்கும் கேட்கவில்லை. தாம்பூலப் பை எடுக்க மேலே வந்த செவந்திதான் பார்த்தாள்.

"என்னங்க, ஏன் இப்புடி வேர்த்து ஊத்துது?"

"கால் வரல செவந்தி. அப்பாவுக்கு வந்தது எனக்கும் வந்துருச்சு."

அவள் அலறிய அலறலில் மண்டபமே மாடி ஏறியது. வேப்பிலை அடிக்கலாம் என்றார் ஒருவர். "ஒரு ஆளும் தொடக்கூடாது, 108-க்குப் போன் போடுங்க!" என்று கத்தினாள் செவந்தி. புதுக்கோட்டை போய்ச் சேரும்வரை அவன் தன் மூச்சையே எண்ணிக்கொண்டு வந்தான்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் ரம்யா இ.சி.ஜி. பார்த்தார், ரத்தம் எடுக்கச் சொன்னார். அவன் கழுத்தைத் தடவி, விரல்களை நீட்டச் சொல்லி, எவ்வளவு இளைத்தான் என்று கேட்டார். அவன் முதன்முறையாக எல்லாவற்றையும் சொன்னான். செவந்தி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"கழுத்துல இருக்கிற தைராய்டு சுரப்பி அளவுக்கு மேல வேல செய்யிதுன்னு நெனைக்கிறேன்" என்றார் டாக்டர். "திங்கிறதெல்லாம் எரிஞ்சு போகுது, அதான் எளைக்கிறீங்க. அதோட இனிப்பும் சோறும் நெறையா சாப்பிட்டதுல, ரத்தத்துல இருக்க வேண்டிய பொட்டாசியம் தசைக்குள்ள போயிருச்சு. அதான் கால் வரல. இன்னுங் கொறஞ்சா இதயம் நின்னுரும்."

"எங்கப்பாவுக்கும் இதுதானாங்க?"

"அத இப்ப சொல்ல முடியாதுங்க. கூடப்பொறந்தவங்க இருந்தா டெஸ்ட் எடுக்கச் சொல்லுங்க."

டிரிப்பில் பொட்டாசியம் மெதுவாக ஏறியது. இரண்டு மணி நேரம் கழித்து வலது கட்டைவிரல் அசைந்தது. மறுநாள் சுவரைப் பிடித்து நடந்தான். ரிப்போர்ட்டும் தைராய்டு என்றே வந்தது. உடனே குவைத்தில் டிரைவராக இருக்கும் தம்பி தமிழ்செல்வனுக்குப் போன் போட்டான்.

"தம்பி, ஒனக்கு ஒடம்பு எளைக்குதா?"



"பேண்டெல்லாம் லூசாயிருச்சுண்ணே. போன மாசம் ஒருநா மாடிப்படியில கால் வராம உக்காந்துட்டேன். சொன்னா நீ பயந்துருவன்னு சொல்லல."

பெரியண்ணன் சட்டென்று எழுந்து உட்கார்ந்தான். "வண்டிய எடுக்காத. இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போ."

ரிப்போர்ட் வர மூன்று நாள் ஆனது. அந்த மூன்று நாளும் பெரியண்ணன் மணிக்கொரு தடவை போன் போட்டான்.  தம்பிக்கும் அதே வியாதிதான். ஆனால் நேரத்தோடு மாத்திரை ஆரம்பித்துவிட்டார்கள்.

மூன்று மாதத்தில் பெரியண்ணனுக்கு ஐந்து கிலோ ஏறியது. விரல் நடுக்கம் நின்றது. ஆனாலும் அவன் மதியத்தில் படுப்பதே இல்லை. அசதியில் எப்போதாவது கண்ணயர்ந்தால், செவந்தி மெல்ல வந்து அவன் பாதத்தைச் சுரண்டிப் பார்த்துவிட்டுத்தான் அடுப்படிக்குப் போவாள்.